டிபி பெட்டி மாற்றிய மறுநாள் டிவியும் ஐஸ் பெட்டியும் போச்சு: காசு யார் கட்டுவது?

கேள்வி இதுதான். பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிற பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்து லயத்தை விட்டு வந்து வாங்கிய தாமான் வீடு. ஏர்கோன், வாட்டர் ஹீட்டர் என்று சேர்ந்துபோனதால் மூன்று பேஸ் இணைப்பு, அதாவது மூன்று கரண்ட் கம்பிகள் வருகிற இணைப்பு. தீபாவளிக்கு முன்னால் பழைய டிபி பெட்டியை (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்ற ஒரு வயர்மேனைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை ஒரே நாளில் முடிந்தது. மறுநாள் இரவு சமையலறையில் கெட்டிலைப் போட்டதும் அந்த அறை விளக்கு மங்கியிருக்கிறது, சாமி அறை பல்பு பளீரென்று எரிந்திருக்கிறது. அடுத்த ஒரு நிமிடத்தில் டிவி, டிகோடர், வைஃபை பெட்டி, ஆட்டோகேட் போர்டு எல்லாம் போய்விட்டன. ஐஸ் பெட்டி உறுமிவிட்டு நின்றுவிட்டது. "தெனாகா வோல்டேஜ் ஏறிப்போச்சு, நான் என்ன செய்ய" என்கிறார் வயர்மேன். தெனாகா மின் நிறுவன ஆட்கள் வந்து மீட்டரில் அளந்துவிட்டு, வருகிற மின்சாரம் சரியாக இருக்கிறது, மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லிப் போய்விட்டார்கள். வயர்மேனோ அப்பாவோடு கோயில் கமிட்டியில் இருப்பவர். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த வயர்மேன் "வந்து பார்க்கிறேன்" என்று சொன்னால், தனியாகப் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, விட்டுப்போன கேஸ். ஒரு விளக்கு மங்கி இன்னொன்று பளிச்சிடுவதுதான் அதன் அடையாளம். தெருவில் வோல்டேஜ் ஏறியிருந்தால் வீட்டிலுள்ள எல்லா விளக்கும் சேர்ந்தே பளிச்சிட்டிருக்கும், கெட்டில் போடும்வரை காத்திருக்காது.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. மூன்று பேஸ் வீட்டில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையில் 400 வோல்ட். ஒவ்வொரு சாமானையும் 230 வோல்ட்டில் நிறுத்தி வைப்பது அந்த ஒற்றை நியூட்ரல் கம்பிதான். அது கழன்றுவிட்டால், ஒரு பேஸில் இருக்கும் சாமானும் இன்னொரு பேஸில் இருக்கும் சாமானும் ஒன்றுக்கொன்று தொடராகச் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கும் சமமாக இருக்காது. அதிக வாட் இழுக்கும் சாமானுக்குக் குறைவான வோல்ட், குறைந்த வாட் சாமானுக்கு அதிக வோல்ட். ஒரு பக்கம் 2000 வாட் கெட்டில், மறு பக்கம் எல்லாம் சேர்த்து 200 வாட்டுக்கு டிவியும் டிகோடரும் மட்டும் ஓடுகின்றன, மூன்றாவது பேஸில் ஒன்றுமில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கெட்டிலுக்கு 36 வோல்ட் சுமார்தான் கிடைக்கும். டிவி பக்கத்துக்கு 360 வோல்ட்டுக்கு மேல் போகும். டிவியின் பவர் போர்டு அதைத் தாங்காது. குறைந்த வோல்ட் பக்கம் மாட்டிக்கொண்ட ஐஸ் பெட்டியின் கம்பிரஸரும் பிழைப்பது கஷ்டம், சுழல முடியாமல் கரண்டை இழுத்துக்கொண்டே சூடாகும். உறுமிவிட்டு நின்றது என்றீர்களே, அது இதோடு பொருந்துகிறது.

அப்படியானால் முதல் நாள் இரவே ஏன் போகவில்லை என்று வயர்மேன் கேட்பார். நியாயமான கேள்விதான். சரியாக முறுக்காத ஸ்க்ரூ முதல் மணி நேரத்திலேயே கைவிட்டுவிடும் என்று சொல்ல முடியாது. கம்பி தொட்டும் தொடாமலும் இருக்கும். கரண்ட் போகப் போக அந்த இடம் சூடாகி, செம்பு கருத்து, பிடி இன்னும் தளர்ந்து, ஒரு பெரிய லோடு வரும்போது விட்டுவிடும். மூன்று பேஸிலும் லோடு ஏறக்குறைய சமமாக இருக்கும் நேரத்தில் நியூட்ரல் இல்லாததே வெளியில் தெரியாமலும் இருக்கலாம். ஆக ஒரு நாள் தாமதம் அவருக்குச் சாட்சி ஆகாது.

"புது ஆர்சிசிபி போட்டேன், அது ஏன் விழவில்லை?" இதுவும் வரும். ஆர்சிசிபி என்கிற கசிவு சுவிட்ச் பார்ப்பது போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்பதை மட்டும்தான். எம்சிபி என்கிற சிறு சுவிட்ச் பார்ப்பது கரண்ட் அளவு மீறுகிறதா என்பதை. வோல்ட் எவ்வளவு என்று இரண்டுமே கவனிப்பதில்லை. அதற்குத் தனியாக ஓவர் வோல்டேஜ் ரிலே இருக்கிறது. நம் வீடுகளில் அதைப் போடுபவர்கள் குறைவு.

இனி பொறுப்பு. ஊரில் இதற்கு இரண்டு சுலபமான தீர்ப்புகள் உண்டு. ஒன்று, கடைசியாகக் கை வைத்தவன் கட்டணும். இன்னொன்று, மீட்டருக்கு அந்தப் பக்கம் தெனாகா, இந்தப் பக்கம் நீ. இரண்டும் பாதிதான் சரி. சட்டம் பார்ப்பது வேறு: எது பழுதானது, அது யாருடைய வேலை, அந்த வேலையை அவர் கவனமாகச் செய்தாரா, அந்தப் பழுதுதான் இந்தச் சாமான்களைக் கெடுத்ததா. நான்குக்கும் பதில் இருந்தால் காசு யார் கட்டுவது என்பது தானாக வந்துவிடும். நிரூபிக்க வேண்டியது கேட்கிறவர், அதாவது நீங்கள்.

ஆகவே நியூட்ரல் எங்கே விட்டது என்பதுதான் முழு விஷயமும். மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். தெருக் கம்பத்திலோ, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியிலோ, மீட்டர் பெட்டியில் சீல் வைத்த பகுதியிலோ விட்டிருந்தால் அது மின் நிறுவனத்தின் பொறுப்பு. கம்பத்து மெயின் லைனில் விட்டிருந்தால் பக்கத்து வீடுகளிலும் ஏதாவது போயிருக்கும். உங்கள் வரிசையில் நான்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மீட்டரிலும் அளவு சரி என்றால், மிச்சமிருப்பது மீட்டருக்கும் டிபிக்கும் நடுவில் உள்ள கம்பி, அப்புறம் டிபிக்குள்ளே உள்ள மெயின் சுவிட்ச், ஆர்சிசிபி, நியூட்ரல் பார். முந்தின நாள் வயர்மேன் கழற்றி மாட்டியது அதையெல்லாம்தான். அங்கே ஒரு ஸ்க்ரூ கருகியிருந்தால் வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது.

தனியாகத் திறக்க விடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அவர் வந்து ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முறுக்கு முறுக்கி, கருத்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றால், அதோடு உங்கள் வழக்கு போச்சு. கெட்ட எண்ணத்தில் செய்வார் என்று நான் சொல்லவில்லை. நல்ல வயர்மேனுக்குக்கூட தளர்ந்த ஸ்க்ரூவைக் கண்டால் கை தானாகப் போகும். பாமாயில் ஆலையில் சார்ஜ்மேனாக வேலை பார்த்த காலத்தில், ஒரு மோட்டார் எரிந்தால் முதலில் படம், அப்புறம் அளவு, கடைசியில்தான் ஸ்பேனர் என்று பையன்களிடம் சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்துபோகும்.

மெயினை அணைத்துவிட்டு அப்படியே விடுங்கள். நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம், மெயின் அணைந்திருந்தாலும் அதற்கு மேல்பக்கம் கரண்ட் இருக்கும். சுருஹான்ஜாயா தெனாகா என்கிற எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வேறொரு மின் குத்தகையாளரைக் கூப்பிடுங்கள். பழைய வயர்மேனுக்கும் புலனத்தில் செய்தி அனுப்பி, "இந்த நாள், இந்த நேரம் பெட்டியைத் திறக்கிறோம், நீங்களும் வந்து பாருங்கள் அண்ணே" என்று சொல்லுங்கள். அவர் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கூப்பிட்டதற்குப் பதிவு இருக்கிறது. திறக்கும்போது எதையும் தொடுவதற்கு முன் படம், காணொளி. அப்புறம் ஒவ்வொரு நியூட்ரல் முனையையும் இழுத்துப் பார்ப்பது, தடை அளப்பது, எழுதுவது. கடைசியில் அந்தப் புதுக் குத்தகையாளரின் பெயர், பதிவு எண், கையெழுத்தோடு ஒரு பக்க அறிக்கை. இதற்கு அவர் கூலி கேட்பார், கொடுங்கள். முழு விவகாரத்திலும் நீங்கள் செலவழிக்கிற காசில் இதைப்போல் பயன் தருவது வேறில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்து எந்த ஸ்க்ரூவும் தளரவில்லை என்றால்? அப்போது வேறு காரணங்களைத் தேட வேண்டும். ஒன்று இடி. ஐப்பசி மழையில் சிலாங்கூர் கரையோரம் முழுக்க மாலையானால் இடிதான். உலகத்திலேயே இடி அதிகம் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. இடியால் போகிற சாமான்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஆட்டோகேட் போர்டு, மோடம், ஏரியல் மாட்டிய டிவி. வெளியிலிருந்து நீளமான கம்பி வருகிற எல்லாமே முதலில் அடிவாங்கும். அந்த இரவு மழை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இடி இடித்திருந்தால் வயர்மேன் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் இடி ஒரு விளக்கை மங்க வைத்து இன்னொன்றைப் பளிச்சிட வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்காது.

இன்னொன்று மெகர் டெஸ்ட். புது டிபி போட்டதும் கம்பியின் காப்பு சரியா என்று 500 வோல்ட் டிசி கொடுத்து அளப்பார்கள். செய்ய வேண்டிய சோதனைதான். ஆனால் அதற்கு முன் வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்க வேண்டும். அவசரத்தில் டிவியையும் ரவுட்டரையும் மாட்டியபடியே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மெகர் கொடுத்தால் உள்ளே உள்ள எலக்ட்ரானிக்ஸ் அடிவாங்கலாம். அப்படிப் போனால் அது நேரடியாக வேலை செய்தவரின் பொறுப்பு. ஆனால் அது சோதனை செய்த அந்த மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். உங்கள் கதையோடு அது ஒட்டவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வீடு ஒற்றை பேஸ் என்றால் கணக்கே வேறு. சாதாரணமாக 12 கேவிஏ வரைக்கும் ஒற்றை பேஸ்தான் கொடுப்பார்கள், தோட்டத்து ஊர்களில் பாதிக்கு மேல் பழைய தாமான் வீடுகள் அப்படித்தான். ஒற்றை பேஸ் வீட்டின் டிபிக்குள் நியூட்ரல் கழன்றால் கரண்ட் நின்றுபோகும் அல்லது விட்டுவிட்டு வரும். வோல்டேஜ் ஏறாது, ஏற வழியில்லை. அந்த வீட்டில் எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் கருகினால் காரணம் பெரும்பாலும் தெருவில் இருக்கிறது. அப்போது வயர்மேனைப் பிடித்து உலுக்குவது நியாயமில்லை. உடனே 15454 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி, அடுத்து எழுத்தில் இழப்பீடு கேட்க வேண்டும். கொடுக்க வேண்டிய வோல்டேஜ் 230, அதில் கூட 10 விழுக்காடு, குறைய 6 விழுக்காடு வரை ஏற்றுக்கொள்ளப்படும். அதாவது 216-க்கும் 253-க்கும் நடுவில். இந்த வரம்புக்குள் இருந்துகொண்டு டிவி போயிற்று என்றால் மின் நிறுவனத்தின் மேல் பழி நிற்காது.

சரி, ஸ்க்ரூ கருகியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வயர்மேனை எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது? 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வீட்டுக்காகக் காசு கொடுத்து வாங்கும் சேவையை, செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. டிபி மாற்றியவர் நியூட்ரலை இறுக்காமல் விட்டது அந்தக் கவனத்தில் வராது. "வேலை முடிந்தபின் பொறுப்பேற்க மாட்டோம்" என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது. அந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது.

அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி காசைப் பற்றியது இல்லை. "அண்ணே, பாரம் ஜி, பாரம் எச் எங்கே?" 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைப்படி, வயரிங் வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கு ஒரு சான்றிதழ், சோதித்ததற்கு ஒரு சான்றிதழ். முதலாவது பாரம் ஜி, இரண்டாவது பாரம் எச். தகுதி பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். பாரம் எச் கொடுத்திருந்தால், சோதித்தேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், மறுநாளே நியூட்ரல் விட்டது எப்படி என்று அவர்தான் விளக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால், சோதிக்காமலே கரண்ட் விட்டாரா என்ற கேள்வி வருகிறது. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குப் பலம்தான். நம் ஊர்களில் இந்த இரண்டு தாளையும் வீட்டுக்காரர் யாரும் கேட்பதில்லை, வயர்மேனும் கொடுப்பதில்லை. பெயின்ட் அடித்தவரிடம் உத்தரவாதம் கேட்கிறோம், கரண்ட் வேலைக்குக் கேட்பதில்லை. எனக்கு இது புரிந்ததே இல்லை.

அவர் என்னென்ன சொல்வார் என்று ஏறக்குறைய எனக்குத் தெரியும். "உங்க வீட்டு வயரே பழசு." பழசாக இருந்தால் அதைப் புதுப் பெட்டியில் மாட்டும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், எழுதியும் கொடுத்திருக்க வேண்டும். "நான் முடுக்கல, கூட வந்த பையன்தான்." பையன் அவருக்கு வேலை செய்தவன், நீங்கள் காசு கொடுத்தது அவருக்கு. "தெரிஞ்சவங்கன்னு கூலியைக் குறைச்சேன்." கூலி குறைந்தால் கவனமும் குறையலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு வெள்ளிகூட வாங்காமல் உதவியாகச் செய்தார் என்றால் மட்டும் பயனீட்டாளர் சட்டத்தின் வழி கடினமாகும். அப்போதும் கவனக்குறைவுக்காக நீதிமன்றத்தில் கேட்கலாம், ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

சில பதில்கள் அவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். எம்சிபியும் மெயின் சுவிட்சும் நீங்களே இணையத்தில் மலிவாக, சிரிம் தர முத்திரை இல்லாமல் வாங்கிக் கொடுத்திருந்தால், பழுதானது அந்தச் சாமானா அவர் கையா என்ற சண்டை வரும். "ஆர்சிசிபி அடிக்கடி விழுது, அதை எடுத்துடுங்க" என்று நீங்கள் சொல்லி அவர் எடுத்திருந்தால், அதனால் வருவதில் உங்களுக்கும் பங்கு. வேலைக்குப் பிறகு வேறு யாராவது பெட்டியைத் திறந்து பாயிண்ட் சேர்த்திருந்தால் கதை குழம்பிவிடும். மீட்டர் பக்கத்து சீலை உடைத்து பியூசைப் பிடுங்கி வேலை செய்தாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், செய்யக்கூடாது. சீல் உடைந்திருந்தால் மின் நிறுவனம் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். அதை மறைக்காமல் நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

அவருக்குப் பதிவே இல்லை என்றால்? அப்படிப்பட்டவர் வயரிங் எடுத்துச் செய்வதே குற்றம், ஆணையத்துக்குப் புகார் போகலாம். நீங்கள் இழப்பீடு கேட்கும் உரிமை அதனால் போகாது. வசூலிப்பதுதான் பிரச்சினை. பதிவு பெற்றவருக்கு இழக்க ஒரு லைசென்ஸ் இருக்கிறது, கடை முகவரி இருக்கிறது. கைப்பேசி எண் மட்டும் உள்ள ஆளிடம் தீர்ப்பை வாங்கி என்ன செய்வது? பெயர் பதிவில் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம், கூப்பிடும் முன் பார்ப்பது நல்லது.

எவ்வளவு கேட்கலாம்? இதில்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆறு வருடம் ஓடிய டிவிக்குப் புது டிவி விலை கேட்டால் கிடைக்காது, கேட்பவர் மேலுள்ள நம்பிக்கையும் போகும். கெடுவதற்கு முன் இருந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதுதான் இழப்பீட்டின் நோக்கம். பழுதுபார்க்க முடிந்தால் அந்தச் செலவு. முடியாது என்றால் அந்த வயதுள்ள சாமானின் நியாயமான மதிப்பு. டிபியைச் சரிசெய்ய இன்னொருவருக்குக் கொடுத்த கூலி, அறிக்கைக்குக் கொடுத்தது, ஐஸ் பெட்டியில் கெட்டுப்போன மீன், கறி இதையெல்லாம் சேர்க்கலாம். நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமை. கறி கெடும் என்று தெரிந்தும் பக்கத்து வீட்டு ஐஸ் பெட்டியில் வைக்காமல் விட்டீர்களா என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு சாமானுக்கும் பழுதுபார்க்கும் கடையில் ஒரு கடிதம் வாங்குங்கள். "கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. கரண்ட் நுழையும் இடத்தில் வேரிஸ்டர் வெடித்திருக்கிறதா, கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா, அதிக வோல்டேஜால் வந்த பழுதா என்று எழுத வேண்டும். போர்டைத் தூக்கிப் போடாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து ஐஸ் பெட்டியில் வைத்து விற்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வியாபார நஷ்டத்தை வீட்டு நஷ்டத்தோடு கலக்காதீர்கள். பயனீட்டாளர் சட்டம் சொந்த, குடும்ப உபயோகத்துக்கானது. தீபாவளி ஆர்டர் போனதற்கு இவ்வளவு என்று பெரிய தொகை போட்டால் எதிர்த்தரப்பு "இவர் வியாபாரி" என்று ஆரம்பித்து முழு வழக்கையும் இழுத்தடிக்கும். ஒட்டுக்கடையோ மளிகைக் கடையோ வைத்திருப்பவர்களின் கடைச் சாமான் எரிந்தால் அவர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும், உங்கள் பக்கம் என்றால் கோலசிலாங்கூர்.

உங்களுக்கு அது தேவையில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றம் போதும், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பாரம் 1-ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதிவு. வக்கீல் வைக்க வேண்டியதில்லை, எதிர்த்தரப்பும் பொதுவாக வைக்க முடியாது. சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே சொல்லும் தீர்ப்பை மதிக்காமல் காசு கட்டாவிட்டால் அது குற்றமாகிவிடும் என்பதால், பெரும்பாலானோர் நோட்டீஸ் கையில் கிடைத்ததுமே பேச வந்துவிடுவார்கள். யாருக்காவது காயமோ உயிர்ச்சேதமோ ஏற்பட்ட வழக்கை மட்டும் இந்த மன்றம் எடுக்காது, அதற்கு நீதிமன்றம்தான். மன்றத்துக்குப் போகும் முன் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன வேலை, எந்தத் தேதி, என்ன நடந்தது, அறிக்கை என்ன சொல்கிறது, எவ்வளவு கேட்கிறீர்கள், பதிலுக்கு 14 நாள். மலாய் மொழியில் எழுதினால் அதையே மன்றத்திலும் காட்டலாம்.

நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் முதலில் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் போடுவார்கள். போட்டால் தவறில்லை, நடந்ததைத் தேதியோடு பதிந்த மாதிரி இருக்கும். ஆனால் போலீஸ் டிவி வாங்கித் தரப்போவதில்லை. எரிசக்தி ஆணையப் புகாரும் அப்படித்தான், அவர்கள் லைசென்ஸ் மேல் நடவடிக்கை எடுக்கலாம், உங்களுக்குக் காசு வராது. வீட்டுக் காப்புறுதியில் இடி பொதுவாகச் சேரும். ஷார்ட் சர்க்யூட்டோ அதிக வோல்டேஜோ தாக்கிக் கெட்ட சாமானைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அதற்காக நியூட்ரல் கதையை இடி என்று மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், அறிக்கை ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொன்னால் இரண்டு பக்கமும் போகும்.

இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அந்த வீடும் வயரிங்கும் நிர்வாகத்துடையது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி போதுமான மின்சாரம் கொடுப்பதும் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை. நிர்வாகம் அனுப்பிய ஆள் செய்த வேலையால் உங்கள் டிவி போனால், அந்த ஆளைத் தேடாதீர்கள், ஆபீஸில் எழுத்தில் கொடுங்கள், பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா. ஆனால் லயத்தில் நீங்களே ஒரு வயரை இழுத்துப் பின்பக்கம் கூடுதல் அறைக்குக் கரண்ட் கொடுத்திருந்தால், அதை முதலில் பேசுவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.

கடைசியாகக் கோயில் கமிட்டி விஷயம். வயர்மேன் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதற்காகக் கேட்காமல் விட வேண்டியதில்லை, அதற்காக முதல் நாளே மன்றத்தில் நிறுத்தவும் வேண்டியதில்லை. அறிக்கையையும் கருகிய ஸ்க்ரூவின் படத்தையும் அவர் முன் வைத்துப் பேசுங்கள். கமிட்டித் தலைவர் நடுவில் உட்கார்ந்து பேசினாலும் சரிதான். பேசி முடிந்தால் வாய்வார்த்தையோடு எழுந்து வராமல், ஒரு தாளில் தொகை, கட்டும் தேதி, தவணை என்றால் எத்தனை தவணை, எந்தெந்தச் சாமானுக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முழுப் பணமும் கைக்கு வரும்வரை "இனி கோரிக்கை இல்லை" என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். காசுக்குப் பதிலாக "வேறு வேலை இலவசமாகச் செய்து தருகிறேன்" என்பார். அதை நான் ஏற்க மாட்டேன். டிபியை வேறொருவர் சரிசெய்து, மூன்று பேஸிலும் வோல்டேஜ் அளந்து, பாரம் எச் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே புது டிவியை மாட்டுங்கள்.